குக்கருக்குள் வெந்த கேக்

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து இப்போதே சிரிக்கும் நண்பர்களே, கரும்பைக் கடித்தபடி பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் நம் தெரு மக்களே, வணக்கம்.

‘பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஏற்றது கடைக் கேக்கா, கைக் கேக்கா?’ என்பது தலைப்பு. நான் கைக் கேக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று வெடியைப் பற்றவைத்துவிட்டுப் போனார். வீட்டுக் கேக் கல் மாதிரி வரும். ஓவன் வாங்கவே பத்தாயிரம் ஆகும். மூன்றாவது, பிறந்தநாள் அன்றைக்காவது அம்மாவை அடுப்படியிலிருந்து விட்டுவிடுங்கள்.

முதல் வெடிக்கு நானே சாட்சி. என் முதல் கேக்கைத் தட்டிப் பார்த்த மாமியார், “ஏன் கண்ணு, இதை அம்மியில் வைத்து அரைக்கணுமா, இல்லை அம்மிக்குப் பதிலாக இதையே வைத்துக்கலாமா?” என்று கேட்டார். தப்பு என்னுடையதுதான். மைதாவைக் கொட்டிய பிறகு இட்லி மாவைக் கரைப்பது போலப் போட்டு அடித்திருந்தேன். ஈரம் பட்ட மைதாவை அடிக்க அடிக்க அதில் இழுவை ஏறும். பரோட்டாவுக்கு அதுதான் வேண்டும், கேக்குக்கு அது ஆகாது. மாவு மறைகிற வரை கரண்டியால் மடித்து மடித்துக் கலந்தால் போதும். இது தெரிய எனக்கு ஒரு கேக் செலவானது. அதையும் வீணாக்கவில்லை, என் பையன் இரண்டு நாள் பாலில் ஊறவைத்துத் தின்றான்.

அடுத்து ஓவன். அண்ணே, உங்கள் வீட்டில் பழைய குக்கர் ஒன்று பரணில் கிடக்கும். அதை இறக்குங்கள். மூடியில் இருக்கிற ரப்பரைக் கழற்றுங்கள், வெயிட்டையும் எடுத்து வையுங்கள். இந்த இரண்டையும் மறக்கவே கூடாது. தண்ணீர் வேண்டாம், அடியில் தூள் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு போட்டு 10 நிமிடம் சூடேற்றுங்கள். மைதா ஒன்றரைக் கப், தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரைக் கப். பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன், அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசம் அடிக்கும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் நுரைத்துக்கொண்டு வரும், அந்தக் காற்றுதான் கேக்கைத் தூக்குகிறது. அதனால் கலந்த மாவை வைத்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போகாதீர்கள். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி உள்ளே வைத்து, சிம்மில் 40, 45 நிமிடம். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது, அவ்வளவுதான்.

என் சமையலறைக் கணக்கில், கேஸையும் சேர்த்து எண்பது ரூபாயைத் தாண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கடையில் அரைக் கிலோ கிரீம் கேக் நானூறு ரூபாய். இங்கேதான் நடுவர் அவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மிச்சமாகிற முந்நூற்று இருபது ரூபாய்க்காக நான் இங்கே வாதாடவில்லை. நானூறு ரூபாய்க் கேக் வருடத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வரும். அன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எண்ணி எண்ணித்தான் கத்தியை வைப்போம். எண்பது ரூபாய்க் கேக் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை கூட வரும். கணக்கில் நாற்பது மார்க் வாங்கியவனுக்கும் வரும், ஐயா! கடையில் போய், “நாற்பது மார்க்குக்கு ஒரு கேக் கொடுங்கள்” என்று கேட்க முடியுமா?

அப்புறம், கடைக் கேக் மலை ஏறின கதை ஒன்று இருக்கிறது. என் நாத்தனார் ஏற்காட்டில் இருக்கிறாள். அவள் மகள் பிறந்தநாளுக்குப் பெருமையாக ஒரு கிலோ கிரீம் கேக் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவில் ரோஜாப் பூ சாய்ந்தது. பன்னிரண்டில் பிள்ளையின் பெயர் அழிந்தது. மேலே போய் டப்பாவைத் திறந்தால், ‘ஹேப்பி பர்த்டே’ முழுக்க மூடியில் ஒட்டியிருக்கிறது, கீழே மொட்டைக் கேக்.

பிள்ளை உதட்டைப் பிதுக்குகிறாள். நாத்தனார் ஒன்றும் பேசாமல் இட்லிப் பானையை அடுப்பில் வைத்தாள். இரண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தேன் நிறத்துக்கு உருக்கிக் கிண்ணத்தின் அடியில் ஊற்றினாள். அரை லிட்டர் பால், மூன்று முட்டை, ஐந்து ஸ்பூன் சர்க்கரை, நுரை வராமல் கலக்கி, வடிகட்டி, அதன் மேல் ஊற்றித் தட்டால் மூடி ஆவியில் வைத்தாள். முட்டை நாமக்கல்லிலிருந்து வந்தது. அதிலென்ன, 1997 வரைக்கும் நாமக்கல்லும் நம் சேலம் மாவட்டம்தானே. முட்டைப் புட்டிங் பதமான சூட்டில்தான் உறையும், கொதி அதிகமானால் உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையே அடுப்பைச் சிம்மில் வைத்துக் கொடுக்கிறது! ஆறவைத்துத் தட்டில் கவிழ்த்தபோது பழுப்புப் பாகு நாலா பக்கமும் வழிய, புட்டிங் குலுங்கிக்கொண்டு நின்றது. மெழுகுவர்த்தி குத்தினால் நிற்காது என்பதுதான் ஒரே குறை.

எல்லாம் அவளுக்குச் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். என் குக்கர் கேக்கை அப்படியே அங்கே செய்தபோது, பொங்கி எழுந்து நடுவில் தொப்பென்று குழி விழுந்தது. மலை மேலே காற்றழுத்தம் குறைவு, மாவு வெந்து இறுகுவதற்குள் காற்றுக் குமிழி பெருத்து உடைந்துவிடுகிறது. அந்தக் குழிக்குள் ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளையை உரித்துக் கொட்டி, “வேணும்னுதான் இப்படிச் செஞ்சேன்” என்று பரிமாறினாள். அடுத்த முறை சோடாவையும் பேக்கிங் பவுடரையும் கால் பங்கு குறைத்து, கூடவே ஒரு ஸ்பூன் பாலும் சேர்த்தாள், குழி விழவில்லை. பிள்ளைகள்தான் குழி எங்கே என்று கேட்டார்கள்.

முட்டை சேராத வீடா? 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஜவ்வரிசி நம் சேலத்துடையது. ஊறவைத்துப் பாலில் கண்ணாடியாக வேகவைத்து, ஆறினதும் மாம்பழத் துண்டு போட்டால் அதுவும் புட்டிங்தான். பாயசம் என்று சொன்னால் என் மகள் தொடமாட்டாள், புட்டிங் என்றால் இரண்டு கிண்ணம் கேட்பாள்.

மூன்றாவது வெடிக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஓய்வு வேண்டாமா? அண்ணே, நியாயமான கேள்வி, இதில் நான் விளையாட மாட்டேன். தோசை என்றால் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கேக் அப்படியில்லை, கலக்கக் கால் மணி நேரம், அப்புறம் அது பாட்டுக்கு வேகும். அந்தக் கால் மணி நேரத்தையும் எங்கள் வீட்டில் பிள்ளைகளின் அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். கப்பில் அளந்து போடுகிற வேலைதானே, அவருக்கு நன்றாக வருகிறது. சாம்பாருக்கு இன்னும் உப்புப் பதம் பிடிபடவில்லை, அது வேறு பட்டிமன்றம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். நேற்று ராத்திரி செய்த கேக்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தேன். தீர்ப்புக்கு முன்னால் நடுவருக்குக் கொடுத்தால் லஞ்சமாகிவிடுமே என்று மேடைக்குப் பின்னால் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அது காலி. எதிரணி அண்ணனின் மீசையில் தூள் ஒட்டியிருக்கிறது. அண்ணே, அந்தச் சில்வர் டப்பாவை மட்டும் பத்திரமாகக் கொடுத்துவிடுங்கள், அது என் மாமியாருடையது.