நெகட்டிவ் ஆனவர்களை யார் பார்த்தது?

(பாளையங்கோட்டையில் ஆய்வகப் பணியாளர்களுக்கும் முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை இல்லை என்று சரியாக விடுகிறது என்பது குறித்தன்மை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி 1947-ல் எழுதியவர் யெருஷால்மி என்ற புள்ளியியலாளர். அவர் எடுத்துக்கொண்டது மார்பு எக்ஸ்ரே. நாமும் அதிலிருந்தே தொடங்குவோம்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு காசநோய் முகாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. பீடி சுற்றுகிறவர்கள், வயல்வேலைக்காரர்கள் என்று இருமலோடு வந்தவர்கள் 1000 பேர். எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. 100 பேருக்குச் சந்தேகம். அத்தனை பேர் சளியும் கல்ச்சருக்குப் போகிறது; அதாவது கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கிறார்கள். அதன் முடிவையே உண்மை என்று கொள்வோம். 60 பேருக்குக் காசநோய் உறுதி. எக்ஸ்ரே தெளிவாக இருந்த 900 பேரில் 90 பேர் சளியை மட்டும் அனுப்புகிறோம். திரவ கல்ச்சரில் நெகட்டிவ் என்று சொல்லவே 42 நாள் ஆகும்; எல்லாருடையதையும் ஆய்வகம் தாங்காது. அந்த 90-ல் 2 பேருக்கு நோய்.

கல்ச்சர் செய்தவர்களை மட்டும் வைத்துக் கூட்டினால், நோயாளிகள் 62; எக்ஸ்ரே பிடித்தது 60. உணர்திறன் 97 விழுக்காடு. குறித்தன்மை 128-க்கு 88, அதாவது 69. உணர்திறனைப் பார்த்து மகிழ்ந்து, குறித்தன்மையைப் பார்த்து எக்ஸ்ரேயைக் குறைசொல்லிவிட்டுப் போவோம். இரண்டுமே தப்பு.

90 பேரில் 2 என்றால் 900 பேரில் 20. ஆக மொத்த நோயாளிகள் 80. உணர்திறன் 80-க்கு 60, 75 விழுக்காடுதான். குறித்தன்மை 920-க்கு 880, ஏறக்குறைய 96. படமும் அதேதான், ஆட்களும் அவர்களேதான். ஆனால் முதல் கணக்கு கண்ணில் காட்டாத 18 பேர் "ஒன்றுமில்லை" என்ற சீட்டோடு ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஐந்து பேர் படுத்து உறங்கும் ஊர்களுக்கு. அதனால்தான் இந்தப் பிழையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கல்ச்சர் செய்த சிலரை வைத்துச் செய்யாதவர்களுக்கும் பெருக்கிக் கணக்கிடும் இந்தத் திருத்தத்தை 1983-ல் பெக், கிரீன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முறைப்படுத்தினார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த 90 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருக்க வேண்டும். மெலிந்தவராகத் தெரிகிறார், ராத்திரி காய்ச்சல் என்கிறார் என்று டாக்டர் பார்த்து அனுப்பியிருந்தால், அந்த அறிகுறிகளைப் பதிவேட்டில் எழுதி, அறிகுறி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். எழுதாமல் விட்ட காரணத்தை எந்தச் சூத்திரமும் மீட்டுத் தராது.

இன்னொன்று. 90-ல் 2 என்பது மிகச் சிறிய எண். அதன் 95 விழுக்காடு நம்பக எல்லையின், அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய வீச்சின், மேல்முனை 7.8 விழுக்காடு. 900-க்கு அது 70 பேர். அப்படியானால் உணர்திறன் 130-க்கு 60, அதாவது 46 வரைகூட இறங்கலாம். ஆகவே நெகட்டிவ் பக்கத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள். 300 பேரையாவது எடுங்கள். 20 நோயாளிகளில் 20 பேரையும் பிடித்தது என்று வரும் 'நூற்றுக்கு நூறு'க்கும் கீழ் எல்லை 83-தான். உணர்திறன் 90 இருக்கும் என எதிர்பார்த்து, முன்பின் 5-க்குள் சொல்ல வேண்டுமானால் 139 நோயாளிகள் தேவை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் உள்ள கூட்டத்தில் அதற்கு 1738 பேரைச் சேர்க்க வேண்டும். முகாம் நோட்டீஸ் அச்சடிக்கும் முன்பே போட வேண்டிய கணக்கு இது.

யாரை வைத்துச் சோதித்தோம் என்பதும் முக்கியம். வார்டில் முற்றிய நோயாளிகளையும் நல்ல உடம்புள்ள கல்லூரி மாணவர்களையும் எதிரெதிரே நிறுத்தினால் எந்தச் சோதனையும் ஜெயிக்கும். மலையடிவாரத்துப் பாபநாசத்தில் மொண்ட தண்ணீரைப் பார்த்து, திருநெல்வேலி நகருக்குள் வரும் வண்ணாரப்பேட்டைத் தாமிரபரணியைச் சொல்வது மாதிரிதான் அது. டெங்குவிலும் அப்படியே: வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை முதல் ஐந்து நாளில் நன்றாகப் பிடிக்கும், அதன்பின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனை பக்கம் போக வேண்டும். காய்ச்சல் வந்து எத்தனை நாள் என்று எழுதாமல் ஒரே உணர்திறன் சொன்னால், அந்த எண் எந்த நோயாளிக்கும் உதவாது.

கடைசியாகப் பதிவேடு. எக்ஸ்ரே படிப்பவருக்குக் கல்ச்சர் முடிவு தெரியக் கூடாது. கல்ச்சர் பார்ப்பவருக்கு எக்ஸ்ரே தெரியக் கூடாது. வேறு கிருமி கலந்து கெட்டுப்போன கல்ச்சரை நெகட்டிவில் சேர்க்காதீர்கள், வீசியும் விடாதீர்கள். அதற்கு மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டு, எத்தனை பேர், அவர்களின் எக்ஸ்ரே என்ன சொன்னது என்று எழுதுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டு கட்டங்களை மட்டும் அச்சிட்ட படிவம் வந்தால் பேனாவால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.