பியர்சனில் வந்து இறங்கும் உறவுகளுக்கு

வணக்கம் நேயர்களே. என்னை அழைத்த வானொலி நண்பர்களுக்கு நன்றி. பி.ஆர். விசாவோடு, அதாவது நிரந்தர வதிவாளராக, முதல்முறையாகக் கனடாவுக்கு வந்து இறங்குகிறவர்களைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப்போகிறேன். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் விமானத்தை விட்டு இறங்குவதற்கும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளிக்கதவால் வருவதற்கும் இடையில் இருக்கிற அந்தச் சில மணித்தியாலங்கள்தான் விஷயம். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கதவால் எப்போதோ வந்துவிட்டவர்கள். ஆனால் இலங்கையில், ஊரில் இருக்கிற தம்பி தங்கச்சிக்கும் மருமகனுக்கும் ஃபோனில் புத்தி சொல்கிறவர்கள் நீங்கள்தானே, அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல வந்தேன்.

கடவுச்சீட்டில் விசா வந்துவிட்டது, நாங்கள் எல்லோரும் லாண்டிங் பேப்பர் என்று சொல்கிற அந்த உறுதிப்பத்திரமும் கையில் இருக்கிறது, இனி ரிக்கற் போடுவதுதான் மிச்சம் என்று நினைக்கிறோம். சட்டப்படி பார்த்தால் அந்த ஆள் இன்னும் நிரந்தர வதிவாளர் ஆகவில்லை. பியர்சனில் எல்லைச் சேவை அதிகாரி ஒருவர் கூப்பிட்டு, பேப்பரைப் பார்த்து, கேள்வி கேட்டு, கையொப்பம் வாங்கி முடிக்கிற அந்த நிமிடத்தில்தான் ஆகிறார். அதுவரைக்கும் அவர் விண்ணப்பதாரிதான். விசா கிடைத்ததற்குப் பிறகு வாழ்க்கையில் நடந்ததெல்லாம் அந்த மேசையில் கணக்கில் வரும். பேப்பரில் போட்டிருக்கிற கடைசித் திகதியையும் பாருங்கள். மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் செல்லும், அதை வைத்துத்தான் அந்தத் திகதியைப் போடுகிறார்கள். தங்கச்சியின் கல்யாணம் முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று இழுத்தடித்தால் அந்தத் திகதியைப் பொதுவாக நீட்டித்துத் தரமாட்டார்கள்.

இறங்கியவுடன் நடப்பது இதுதான். முதலில் இயந்திரத்தில் கடவுச்சீட்டைக் காட்டிப் படம் எடுத்து, சில கேள்விகளுக்குப் பதில் தட்டினால் ஒரு துண்டு வரும். அப்புறம் குடிவரவுப் பகுதிக்கு அனுப்புவார்கள். அங்கே கதிரையில் இருக்க வேண்டும். மாலையில் இரண்டு மூன்று விமானம் ஒன்றாக இறங்கினால் நேரம் எடுக்கும். பெயர் கூப்பிட்டதும் போனால் அதிகாரி அமைதியாகத்தான் கேட்பார். எப்போதாவது குற்றத்துக்குத் தண்டனை பெற்றீர்களா, முன்பு கனடாவுக்குள் வர மறுக்கப்பட்டீர்களா, பேப்பரில் இருப்பவர்களைத் தவிர வேறு மனைவி, கணவர், பிள்ளை இருக்கிறார்களா, கடைசியாக விபரம் கொடுத்ததற்குப் பிறகு குடும்பத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா. ஐந்து நிமிடக் கதைதான்.

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எங்கள் ஆட்கள் தவறான பதில் சொல்கிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. எங்கள் ஊரில் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதலில் எழுத்து. வீட்டுக்குப் பதிவாளரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர் கொஞ்சப் பேர் இருந்து, கையொப்பம் வைத்து, கேக் வெட்டி, ரோல்ஸும் வடையும் கொடுத்து முடித்துவிடுவோம். பிறகு பெண் தன் வீட்டுக்கு, மாப்பிள்ளை தன் வீட்டுக்கு. தாலி கட்டுவது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, நாள் பார்த்து, மண்டபம் எடுத்து. இடையில் யாராவது கேட்டால் தாய் என்ன சொல்வார்? "எழுத்து முடிஞ்சுது, கல்யாணம் இன்னும் இல்லை." ஊருக்கு அது சரியான பதில். கனடாச் சட்டத்துக்கு எழுத்து நடந்த அன்றைக்கே அவர் திருமணமானவர்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கெட்டிக்காரப் பிள்ளை, படிப்பையும் வேலை அனுபவத்தையும் வைத்துத் தானாகவே விண்ணப்பித்து பி.ஆர். எடுத்தவர். விசா வந்த சந்தோஷத்தில் வீட்டில் எழுத்தை வைத்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் தனியாள் என்று இருந்தது, மேசையிலும் தனியாள் என்றே சொன்னார், யாரோ அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வேலை எடுத்து, வீடு வாடகைக்கு எடுத்து, ஊருக்குப் போய்த் தாலியும் கட்டி வந்து, மனைவிக்கு ஸ்பொன்சர் போட்டார். திருமணச் சான்றிதழில் ஒரு திகதி, லாண்டிங் பேப்பரில் ஒரு திகதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், யாரும் துப்பறியத் தேவையில்லை. மறுப்புக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார், ஒரே பந்தியில் விஷயம் முடிந்திருந்தது. அந்தப் பெண்பிள்ளை பாவம், ஒரு பிழையும் செய்யாமல் மாமியார் வீட்டில் இருந்து ஃபோனில் குடும்பம் நடத்துகிறார்.

இதற்கு அடிப்படை குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117ஆம் விதி, அதில் 9ஆம் உபபிரிவு. நீங்கள் நிரந்தர வதிவாளர் ஆகும்போது உங்களுக்கு ஒரு மனைவியோ கணவரோ பிள்ளையோ இருந்து, அவரைக் காட்டாமல், அதனால் அவரை அவர்கள் பரிசோதிக்காமல் விட்டிருந்தால், பிற்காலத்தில் அவரைக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அதற்குக் கால எல்லை கிடையாது, பத்து வருடம் கழித்துப் போட்டாலும் அதே பதில்தான். 2019 செப்டம்பரில் ஒரு விதிவிலக்குத் திட்டம் கொண்டுவந்தார்கள், உண்மைதான். ஆனால் அது அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும், குடும்ப வகுப்பில் தாங்களே ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கும்தான். திறமை அடிப்படையில் வந்த அந்தத் தம்பிக்கு அதில் இடமில்லை. மனிதாபிமான அடிப்படையில் கேட்கலாம், கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது வருடக்கணக்கில் காத்திருக்கிற வேலை. இதற்கு மேலே, மறைத்ததாகவே முடிவெடுத்தால் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி கனடாவுக்குள் வர 5 ஆண்டுத் தடை இருக்கிறது. முன்பு 2 ஆண்டாக இருந்ததை 2014இல் கூட்டினார்கள்.

பெற்றோரோடு பிள்ளையாக வருகிறவர்களுக்கு இன்னும் இறுக்கம். 22 வயதுக்குக் கீழே, திருமணமாகாதவர் என்பதால்தான் அந்தப் பிள்ளைக்கு விசாவே கிடைக்கிறது. எழுத்து வைத்த அன்றைக்கே அந்தத் தகுதி போய்விடும். பெண்ணுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது, எழுத்தையாவது முடித்துவிட்டு ஏறுவோம் என்று நினைக்கிற அப்பா அம்மாவுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன், அந்த மாப்பிள்ளை ஓடிவிட மாட்டார். இங்கே வந்து இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் எங்கள் ஆட்கள் சொல்லாமல் விடுகிறார்கள்? நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறோம். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கூடக் கதைக்காதே." இந்தப் புத்தி எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவர்கள், ஊர்ப் பெயரைச் சொல்லவே பயந்தவர்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களுக்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ வழியால் வந்து சேர்ந்தோம். சீருடையைக் கண்டால் வாயை மூடு என்பது அன்றைக்கு எங்கள் உயிரைக் காப்பாற்றியது, அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு முறைப்படி விசா எடுத்து வருகிற பிள்ளைக்கு அதே புத்தியைச் சொன்னால் அது அவருடைய குடும்பத்தைப் பிரித்துவிடும். அந்த மேசையில் இருக்கிறவர் எங்களைப் பிடிக்க உட்கார்ந்திருக்கவில்லை. நாம் சொல்வதைப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவு எங்கள் கோப்பில் எப்போதும் இருக்கும்.

வயதான அம்மா அப்பா வருகிறார்கள் என்றால் இன்னொரு விஷயம். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவார்கள். சாப்பாடு கொண்டுவந்தீர்களா என்றால் பயத்தில் "நோ" என்பார்கள், பெட்டியைத் திறந்தால் புழுக்கொடியல், பனாட்டு, கருவாடு, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், எல்லாம் பழைய பேப்பரில் சுற்றி ஒழுங்காக அடுக்கியிருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், ஃபோனில் எடுத்துத் தருவார்கள். "தமிழ் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்" என்று ஒரு துண்டில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்துவிடச் சொல்லுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை, கொண்டுவந்தால் கொண்டுவந்தது என்று சொல்ல வேண்டும். இறைச்சி, பால் பொருட்கள், செடி, விதை, பழம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சொன்னால் ஆகக்கூடியது பொருளை எடுத்துவிடுவார்கள், சொல்லாமல் பிடிபட்டால் அபராதம்.

காசும் அப்படித்தான். 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ கொண்டுவந்தால், அது நோட்டாக இருந்தாலும் வங்கி டிராஃப்டாக இருந்தாலும், சொல்ல வேண்டும். எவ்வளவு கொண்டுவந்தாலும் வரி கிடையாது, சொன்னால் போதும். காணி விற்ற காசைச் சொல்லாமல் கொண்டுவந்து பறிகொடுப்பதைப் போல வேதனை வேறு இல்லை.

நகைக்கு வருவோம், இதை நம்மவர்கள் சரியாகக் கவனிப்பதில்லை. குடியேறுகிறவர் தனக்குச் சொந்தமாக வைத்துப் பாவித்த சாமான்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். கூடவே கொண்டுவருவதற்கு ஒரு பட்டியல், பிறகு வரப்போவதற்கு இன்னொரு பட்டியல் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது பட்டியலைத்தான் மறந்துவிடுகிறார்கள். தாலிக்கொடியையும் நாலு காப்பையும் போட்டுக்கொண்டு வருவார்கள், மிச்ச நகை நெல்லியடியில் வங்கி லொக்கரில் இருக்கும். அடுத்த முறை போய் எடுத்து வரும்போது, முதல் வருகையில் பட்டியலில் போட்டிருந்தால் வரி இல்லை. போடாவிட்டால் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. "தங்கச் சங்கிலி ஒன்று" என்று எழுதினால் போதாது. எத்தனை பவுன், என்ன வேலைப்பாடு, பெறுமதி என்ன என்று எழுதி, ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, முடிந்தால் நகைக்கடையில் மதிப்பீட்டுக் கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி பட்டியலில் முத்திரை குத்தித் தருகிற பிரதியைக் கடவுச்சீட்டைப் போலப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது முகவரி. பி.ஆர். கார்ட் தபாலில் வரும், அதிகாரி அந்த இடத்திலேயே முகவரி கேட்பார். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்காபுறோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ யாருடையாவது பேஸ்மென்டில்தான் தொடங்குவார்கள், இரண்டு மாதத்தில் மாறியும் விடுவார்கள். அதனால் அசையாமல் இருக்கிற உறவினரின் முகவரியைப் போஸ்டல் கோட்டோடு எழுதிக்கொடுங்கள். முகவரி இல்லையென்றால் 180 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், தவறினால் காசு கட்டித் திரும்ப விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கார்ட் கையில் வரும் வரைக்கும் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள், கார்ட் இல்லாமல் திரும்பி வர விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கே தூதரகத்தில் பயணப் பத்திரம் எடுக்க அலைய வேண்டும்.

சின் நம்பர், அதாவது இங்கே வேலை செய்யத் தேவையான சமூகக் காப்புறுதி இலக்கம், இலவசம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். அரச மருத்துவக் காப்புறுதிக்கான ஹெல்த் கார்டுக்கு ஒன்ராறியோவில் இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020இல் எடுத்துவிட்டார்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போகிறவர்களுக்குக் காத்திருப்பு உண்டு, அவர்கள் தனியார் காப்புறுதி எடுத்துக்கொண்டு வருவது நல்லது.

வெளியில் பூமாலையோடும் குளிர் ஜாக்கெட்டோடும் நிற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே இருப்பவருக்கு மணிக்கொரு தடவை ஃபோன் அடிக்காதீர்கள். அந்த மண்டபத்தில் ஃபோன் பாவிக்க விடமாட்டார்கள், எடுக்கவில்லை என்றவுடன் ஏதோ பிரச்சினை என்று நீங்கள் ஊருக்கு அடித்து, ஊரில் தாய் அழத் தொடங்கி, இப்படி எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது.

ஏற்கெனவே விசா கையில் இருந்து, இடையில் எழுத்தோ குழந்தையோ வந்துவிட்டவர்கள் என்ன செய்வது? ஏறாதீர்கள். ரிக்கற் காசு போனால் போகட்டும். குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவத்தில், சான்றிதழையும் சேர்த்து, உடனே அறிவியுங்கள். மனைவியையோ பிள்ளையையோ சேர்த்துப் பரிசோதித்து முடிக்கச் சில மாதம் கூடப் போகலாம், ஆனால் வரும்போது குடும்பமாக வரலாம், அல்லது பிறகு கூப்பிட வழி திறந்திருக்கும். சந்தேகம் என்றால் உரிமம் உள்ள சட்டத்தரணியிடமோ ஆலோசகரிடமோ காட்டுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் செய்ய வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு இந்த மாதம், அடுத்த மாதம் யாராவது வருகிறார்கள் என்றால் இன்றைக்கு இரவே ஒரு கோல் எடுங்கள். விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்பதற்கு முதல், எழுத்து ஏதாவது நடந்ததா என்று கேளுங்கள். தம்பி வெட்கப்பட்டு மழுப்பினால் ஃபோனைத் தாயிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வணக்கம்.