வீட்டில் சேவ் செய்த சவுண்டு சர்ச்சில் ஏன் மாறுகிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். எர்த் கோளாறு பற்றிப் பேசியதற்கு அப்புறம் ஹம் சத்தம் குறித்தே நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றை இன்னொரு நாள் மொத்தமாகப் பார்க்கலாம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. தொண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. படித்ததிலிருந்து மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, என்னிடம் பாஸ் கட்டானா 50 கிட்டார் ஆம்ப் இருக்கிறது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒரு சவுண்டு செட் செய்து சிஎச்1 பட்டனில் சேவ் செய்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதே சிஎச்1 போட்டால் கொழகொழவென்று வேறு ஏதோ வருகிறது. நாப் எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. நடுவில் கரண்ட் போய் வந்தது, அதனால் அழிந்துவிட்டதா? இல்லை, சேவ் ஆகவே இல்லையா?"

முதலில் கரண்ட் விஷயத்தை முடித்துவிடலாம், அது சுலபம். அழியவில்லை தம்பி. ஆம்புக்குள் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, இப்போது வாசித்துக்கொண்டிருக்கிற சவுண்டு உட்கார்ந்திருக்கும் தற்காலிக இடம். கரண்ட் போனால் அது காலி. இன்னொன்று ஃப்ளாஷ் மெமரி, போனில் போட்டோ இருக்கிற இடம் மாதிரிதான். வாரக்கணக்கில் பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் அதில் இருப்பது போகாது. சிஎச்1 பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கிறீர்களே, அப்போதுதான் முதல் இடத்தில் இருப்பது இரண்டாவது இடத்துக்குப் போகிறது. சும்மா ஒரு தட்டுத் தட்டினால் நேர் எதிர் வேலை நடக்கும். பழையதை எடுத்து, நீங்கள் இப்போது செய்து வைத்திருப்பதன் மேல் போட்டுவிடும். அழுத்திப் பிடிப்பதா, தட்டுவதா என்ற அந்த ஒரு வித்தியாசத்தில் எத்தனையோ நல்ல சவுண்டு போயே போயிருக்கிறது. சிஎச்1 போட்டு, கொஞ்சம் திருத்தி, சேவ் செய்யாமல் சிஎச்2 போய்த் திரும்பி வந்தாலும் திருத்தம் போச்சு. ஒன்று மட்டும் கவனம்: சேவ் ஆகிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

இந்த வசதிக்கு ஒரு கதை இருக்கிறது. 1978இல் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் கம்பெனி புராஃபெட் 5 என்று ஒரு சிந்தசைசர், அதாவது மின்சாரத்தில் சவுண்டை உருவாக்கும் கீபோர்டு, கொண்டுவந்தது. அதில் 40 சவுண்டு சேமிக்கலாம். அதுவரைக்கும் பெரும்பாலான சிந்தசைசர்காரர்கள் நாப் எங்கே நின்றது என்று காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொண்டார்கள். இதில் நாப் நிலைகளைச் சின்ன கம்ப்யூட்டர் சிப் எண்ணாக மாற்றி ஞாபகம் வைத்தது. ஆனால் அந்த ஞாபகத்தை உயிரோடு வைத்திருக்க உள்ளே ஒரு பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் சவுண்டும் தீர்ந்தது. நம் தம்பியின் பயம் அந்தக் காலத்து மெஷினுக்கு நியாயமான பயம். அதே டேவ் ஸ்மித்தும், ரோலண்ட் கம்பெனியை ஆரம்பித்த காகேஹாஷியும் முன்னின்றுதான், மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியான மிடி 1983இல் வந்தது. பாஸ் என்பது ரோலண்ட் குடும்பத்துப் பெயர்தான். உங்கள் வீட்டில் இருக்கிற பெட்டிக்கு அந்தப் பக்கத்துச் சொந்தம் இருக்கிறது.

கதை போதும். நான் மேலே சொன்னதில் ஒரு வரி இருக்கிறது, அதுதான் முக்கியம். மிக்ஸர் பற்றிப் பேசும்போதும் சொன்னேன், திரும்பவும் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். ஆம்ப் சேமித்து வைப்பது எண்களை. சவுண்டை அல்ல. கெயின் (உள்ளே வரும் சிக்னலை ஏற்றுவது) 62, பேஸ் (அடிப்பகுதி) 70, மிடில் (நடுப்பகுதி) 35, ரிவெர்ப் (எதிரொலி) 40, இப்படி. டெய்லர் நோட்டில் உங்கள் அளவு எழுதியிருக்கும், சட்டை எழுதியிருக்காது. அதே அளவுக்கு வேறு துணியைக் கொடுத்தால் வேறு சட்டைதான் வரும்.

சரி, அந்த எண்ணும் நாப்பும் ஒன்றா? இல்லை. தம்பி "நாப் எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அது சாட்சியே ஆகாது. பேனல் பட்டன் போட்டிருந்தால் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிற நாப் நிலையும் காதில் கேட்பதும் ஒன்று. சிஎச்1 போட்டுவிட்டால் ஆம்ப் நாப்பைப் பார்ப்பதில்லை, சேமித்த எண்ணைத்தான் பார்க்கிறது. நாப்பைத் தானாகத் திருப்பி வைக்க உள்ளே மோட்டார் கிடையாது. விலை உயர்ந்த மிக்ஸரில் ஃபேடர்கள் பேய் பிடித்த மாதிரி தானே நகருமே, அந்த வசதியெல்லாம் இந்த விலைக்கு வராது. அதனால் சேமித்தது பேஸ் 70, நாப் நிற்பது 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம்தான் கூட்டலாம் என்று நாப்பைத் தொட்டால் 71 ஆகாது. டக்கென்று 21க்கு இறங்கும். பாட்டு நடுவில் இது நடந்தால் பாடுகிறவர் திரும்பிப் பார்ப்பார். இது ரிப்பேர் இல்லை, அந்த வகை நாப்பின் சுபாவம். சில ஆம்புகளில் முடிவே இல்லாமல் சுற்றுகிற நாப் இருக்கும். அதில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் எங்கே நிற்கிறது என்று பார்த்தவுடனும் தெரியாது.

அப்புறம், எல்லாமே எண்ணாக உள்ளே போவதும் இல்லை. மாஸ்டர் வால்யூம் சேவ் ஆகாது. அது நீங்கள் மேடையில் கையால் வைக்க வேண்டியது. கிட்டாரில் இருக்கிற வால்யூம், டோன் நாப், எந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) போட்டிருந்தீர்கள் என்பது, இதெல்லாம் ஆம்புக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் கிட்டார் வால்யூமை 7இல் வைத்துக்கொண்டு டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்புச் சவுண்டு, செட் செய்துவிட்டு, மேடைக்கு வந்து ஆர்வத்தில் 10க்கு ஏற்றினால் ஆம்ப் உள்ளே கெயின் ஏறியதற்குச் சமம். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள சிங்கிள் காயில் கிட்டாருக்குச் செய்த சவுண்டில், இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள நண்பரின் ஹம்பக்கர் கிட்டாரைச் சொருகினாலும் அதே கதை. துணி மாறிவிட்டது.

பெரம்பூரில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ்களிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் வாசித்தவர். சாதாரண பழைய ஆம்ப், பிரீசெட், அதாவது சேமித்து வைத்த சவுண்டு, எதுவும் கிடையாது. மகளுடைய நெயில் பாலிஷை எடுத்து நாப்பைச் சுற்றிப் புள்ளி வைத்திருப்பார். சிவப்புப் புள்ளி தாளத்துக்கு, ரோஸ் புள்ளி சோலோவுக்கு. அது சாதாரண விஷயம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: கிட்டார் வால்யூம் நாப்பிலும் அவர் புள்ளி வைத்திருந்தார். பத்து மெமரி உள்ள ஆம்ப் வைத்திருக்கிற பையன்கள் இன்றைக்கும் அதைச் செய்வதில்லை. இப்போது நெயில் பாலிஷ் வைக்கச் சொன்னால் கிட்டாரின் ரீசேல் விலை குறையும் என்கிறார்கள். சின்னதாக ஒரு டேப் ஒட்டுங்களேன்!

இனி நான் பேச நினைத்த இடத்துக்கு வருகிறேன். தம்பி "சேவ் ஆனதா" என்று கேட்டார். என்னைக் கேட்டால், "எந்தச் சத்தத்தில் வைத்து சேவ் செய்ய வேண்டும்" என்று கேட்டிருக்க வேண்டும். பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

ராத்திரி, தொண்டையார்பேட்டையில் ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகள். பக்கத்து வீட்டில் திட்டுவார்கள். அதனால் தம்பி பவர் ஸ்விட்சை 0.5 வாட்டில் போட்டு, மெதுவாக வைத்திருப்பார். நம் காதுக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது அடிப்பகுதியான பேஸும், உச்சியில் இருக்கிற ட்ரெபிளும் நமக்குச் சரியாகக் கேட்பதில்லை, நடுப்பகுதிதான் தூக்கலாகக் கேட்கும். 1933இலேயே ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே மெதுவாக வைத்துக் கேட்கும்போது சவுண்டு மெலிந்து தெரியும். என்ன செய்வோம்? பேஸைக் கூட்டுவோம், ட்ரெபிளைக் கூட்டுவோம், மிடிலைக் குறைப்போம். ஆஹா, சிடியில் கேட்ட மாதிரியே இருக்கிறதே என்று அழுத்திப் பிடித்து சேவ் செய்வோம்.

ஞாயிற்றுக்கிழமை அதே எண்ணை 50 வாட்டில் திறக்கிறோம். இப்போது காது பேஸையும் முழுசாகக் கேட்கிறது, ட்ரெபிளையும் முழுசாகக் கேட்கிறது. நாம் கூட்டி வைத்தது அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அடியில் கொழகொழ, மேலே சுரீர். இன்னொன்றும் நடக்கிறது. கிட்டாரின் கனமான இ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் இ கம்பி அதில் பாதி, 41. அந்த அடிப்பகுதியில் பேஸ் கிட்டார் இருக்கிறது, ட்ரம்ஸ் கிக் இருக்கிறது, கீபோர்டுக்காரரின் இடது கை இருக்கிறது. கிட்டாருக்கென்று காலியாக இருந்த இடம் நடுப்பகுதிதான். அதைத்தான் ராத்திரி குறைத்துவிட்டு வந்திருக்கிறோம். அதனால்தான் வால்யூமை ஏற்ற ஏற்ற சத்தம் மட்டும் கூடுகிறது, கிட்டார் வெளியே வர மாட்டேன் என்கிறது. கானா கச்சேரியில் டோலக்கும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

கட்டடமும் சும்மா இருக்காது. வீட்டில் மெத்தை, தலையணை, கொடியில் துணி, எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். அங்கே ரிவெர்ப் 40 அழகாக இருக்கும். பெரம்பூர் லூர்து மாதா கோயில் மாதிரி பெரிய கட்டடத்தில் ரிவெர்ப்பைக் கட்டடமே இலவசமாகப் போட்டுத் தருகிறது. அதன் மேல் உங்கள் 40ம் சேர்ந்தால் போன வரியில் வாசித்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இந்த வரியிலும் கேட்கும். ஆம்ப் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். 12 இன்ச் ஸ்பீக்கரின் ட்ரெபிள் பரவலாகப் போகாது, டார்ச் அடித்த மாதிரி நேராகத்தான் போகும். மேடைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும். ட்ரெபிள் போதவில்லை என்று நீங்கள் கூட்டுவீர்கள், முன்வரிசையில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு நாற்காலி மேல் வையுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் சாய்த்து மேல்நோக்கி வையுங்கள்.

அதனால் தம்பி, சனிக்கிழமை கொயர் பிராக்டிஸுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆம்பைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்கிற அதே மாஸ்டர் அளவு, அதே கிட்டார், அதே பிக்கப். சிஎச்1 போடுங்கள். நாப்பைத் தொட்டதும் அது தாவும், தாவட்டும், அதிலிருந்து தேடுங்கள். பேஸைக் குறைத்து, மிடிலைத் தூக்கி, ரிவெர்ப்பைப் பாதியாக்குங்கள். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் அசிங்கமாக, மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கும்போது மறுபடி கேளுங்கள். அப்போது சரியாக உட்கார்ந்தால் அதே இடத்தில் அழுத்திப் பிடித்து சேவ். வீட்டுச் சவுண்டு வேண்டுமென்றால் அதை சிஎச்2இல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அழித்து ஒன்று செய்யாதீர்கள். சோலோவுக்கு இன்னொன்று செய்தால், தாளச் சவுண்டோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். டிஸ்டார்ஷன் சவுண்டு அமுங்கி நிற்பதால் வீட்டில் பெரிதாகக் கேட்கும், மேடையில் காணாமல் போகும். அதற்கான வால்யூமையும் அங்கேயே வைத்து சேவ் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் யூஎஸ்பி ஒயர் போட்டு, கம்ப்யூட்டரில் பாஸ் டோன் ஸ்டுடியோ என்ற சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு காப்பி எடுத்து வையுங்கள். .tsl என்று முடிகிற ஃபைலாக வரும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ, வீட்டுக் குழந்தை பட்டனை அழுத்திப் பிடித்தாலோ அதுதான் கைகொடுக்கும்.

அந்த ஃபைலை நண்பர்களுக்கு அனுப்பலாமா என்று கொளத்தூரிலிருந்து இன்னொருவரும் கேட்டிருக்கிறார். தாராளமாக அனுப்பலாம். அதே மாடலாக இருந்தால் நல்லது. ஆனால் உங்கள் சவுண்டு அவருக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்குப் போவது எண்கள்தான். கிட்டார் அவருடையது, விரல் அவருடையது, அறையும் அவருடையது. வெளியூர்க்காரர் யாரோ செய்து போட்ட பிரீசெட்டை இறக்கிவிட்டு "இதில் அவர் சவுண்டு வரவில்லையே" என்று ஆம்பைத் திட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஏற்றிக்கொள்ளுங்கள், முதல் வேலையாக கெயினையும் மிடிலையும் உங்கள் கிட்டாருக்குத் திருத்துங்கள், வேறு இடத்தில் சேவ் செய்யுங்கள்.

அடுத்தது காசிமேட்டுக் கேள்வி. கடல் காற்றில் கிட்டார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, கோட்டிங் கம்பி வாங்கலாமா என்கிறார். வாங்கலாம், ஆனால் வாசித்து முடித்ததும் துடைக்கிற பழக்கம் இருக்கிறதா என்று முதலில் சொல்லுங்கள்.