முள்ளிவாய்க்கால் ஏன் ஹேக் நகருக்குப் போகவில்லை? ஒரு நீதிமன்றம் இயங்கும் விதம்

(கூடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் என்று பேச்செடுத்தாலே, "முள்ளிவாய்க்காலை அந்தக் கோர்ட்டு ஏன் எடுக்கவில்லை?" என்ற கேள்விதான் முதலில் எழும். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்த நீதிமன்றத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் நம் கோபம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகும்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கு நடந்ததும் ஹேக்கில்தான். ஆனால் அது நாடுகளுக்கிடையிலான வழக்கை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம், ஐ.நா.வின் உறுப்பு. நாம் பேசுவது, இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்காகத் தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வேறொரு நீதிமன்றத்தை. அதுவும் ஹேக்கில்தான் இருக்கிறது. 1998 ஜூலை 17 அன்று ரோமில் 120 நாடுகள் ஆதரிக்க, 7 எதிர்க்க, 21 ஒதுங்கி நிற்க உருவான உடன்படிக்கையே அதற்கு அடிப்படை. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று. ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு அதில் தரப்பட்ட அதிகாரத்தையும், அணு ஆயுதம் தடைப் பட்டியலில் இல்லாததையும் இந்தியா ஆட்சேபித்தது. இலங்கையும் இன்றுவரை சேரவில்லை.

உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2002 ஜூலை 1. அதற்கு முன் நடந்த எதையும் நீதிமன்றம் தொட முடியாது. ஆகவே 1983 கறுப்பு ஜூலை வராது. முள்ளிவாய்க்கால் நடந்த 2009 வரும், தேதிக் கணக்கில் மட்டும். குற்றம் உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது செய்தவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பாதுகாப்புச் சபை அனுப்பிவைக்க வேண்டும். 2005இல் சூடானின் டார்ஃபூரையும் 2011இல் லிபியாவையும் அப்படித்தான் அனுப்பினார்கள். இலங்கைக்கு அது நடக்கவில்லை. வீட்டோ உள்ள ஐந்து நாடுகளில் ஒன்று தலையசைத்து மறுத்தாலும் அந்த வழி அடைபட்டுவிடும். கோபம் போக வேண்டிய முதல் இடம் அது.

இன்னொரு வழி உண்டு. மியான்மர் உறுப்பு நாடல்ல, வங்கதேசம் உறுப்பு நாடு. ரோஹிங்கியா மக்களை எல்லை தாண்டி விரட்டிய குற்றத்தின் ஒரு பகுதி வங்கதேச மண்ணில் முடிந்தது என்று கருதி, 2019 நவம்பரில் நீதிபதிகள் புலன்விசாரணைக்கு அனுமதி தந்தார்கள். ஒரு நாடு உறுப்பினராகச் சேராமலே அதிகாரத்தை ஏற்று அறிவிக்கவும் செய்யலாம், பின்தேதியிட்டும் செய்யலாம். உக்ரைன் அப்படிச் செய்தது. இந்தக் குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது.

சரி, வழி திறந்தது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே யார் என்ன செய்கிறார்கள்? நீதிபதிகள் 18 பேர், ஒரே நாட்டிலிருந்து இருவர் கூடாது. பதவி 9 ஆண்டு, மறுமுறை இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆறு பேர் மாறுவார்கள். முன்விசாரணை, விசாரணை, மேல்முறையீடு என்று மூன்று பிரிவுகள். மேல்முறையீட்டில் ஐவர். வழக்குத் தொடுநர் அலுவலகம் தனி. நீதிபதிகள் அதற்கு உத்தரவிட முடியாது, அதன் மனுவை நிராகரிக்க முடியும். பதிவாளர் அலுவலகம் மொழிபெயர்ப்பு, சாட்சிப் பாதுகாப்பு, சிறைக்கூடம், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கான நிதி எல்லாவற்றையும் சுமக்கிறது.

மொழிபெயர்ப்பை வெறும் எழுத்தர் வேலை என்று எண்ண வேண்டாம். டார்ஃபூர் வழக்கு ஒன்றில் ஸகாவா மொழி தேவைப்பட்டது. அந்த மொழியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவரும் இல்லாததால், ஆட்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தே உருவாக்க வேண்டியிருந்தது. நம் மலையிலிருந்து கோத்தர் ஒருவரோ குறும்பர் ஒருவரோ சாட்சி சொல்லப் போனால் என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வழக்கு மூன்று படி ஏறும். பிடியாணைக்கு "நம்புவதற்கு நியாயமான காரணம்" போதும். குற்றச்சாட்டை உறுதிசெய்ய அதைவிட வலுவான ஆதாரம் வேண்டும். தண்டிக்கச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டும். பல வழக்குகள் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில்தான் சரிந்தன.

முதல் தீர்ப்பு பெற்ற லுபாங்கா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கோவில் சிறுவர்களைப் படையில் சேர்த்த ஆயுதக் குழுத் தலைவர்மீதான வழக்கு. ஐ.நா. உள்ளிட்ட அமைப்புகளிடம் இரகசிய வாக்குறுதியின்பேரில் ஆவணங்களை வழக்குத் தொடுநர் வாங்கிக் குவித்தார். அவற்றில் குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமானவையும் இருந்தன. காட்டினால் வாக்குறுதி போகும், மறைத்தால் நியாயம் போகும். 2008 ஜூனில் நீதிபதிகள் வழக்கையே நிறுத்திவைத்தார்கள். 2009 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது முதல் சாட்சியே, தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னதாகப் பின்வாங்கினார். களத்துக்கு நேரில் போகாமல் இடைத்தரகர்களை வைத்து சாட்சி தேடியதன் விளைவு அது. தீர்ப்பிலும் அதை நீதிபதிகள் கண்டித்தார்கள். 2012இல் 14 ஆண்டு தண்டனை வந்தது. பிடியாணைக்கும் அதற்கும் இடையே ஆறு ஆண்டு.

பறித்த கொழுந்தை மூட்டையில் அழுத்தித் திணித்து வைத்தால் ஃபேக்டரி போய்ச் சேருமுன் சூடேறிச் சிவந்துவிடும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆதாரமும் அப்படித்தான். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில் போனது என்ற சீட்டு ஓரிடத்தில் அறுந்தாலும் எதிர்த்தரப்பு அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

தேர்தல் வன்முறை தொடர்பான கென்யா வழக்குகளில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். 2014 டிசம்பரில் அப்போதைய அதிபர் கென்யாட்டா மீதான குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. ஆட்சியில் இருப்பவர்மீதே வழக்கு என்றால் சாட்சியின் உயிரைக் காப்பதுதான் வழக்கின் பாதி வேலை. முகம் மறைத்து, குரல் மாற்றி, தேவைப்பட்டால் குடும்பத்தோடு வேறு நாட்டில் குடியமர்த்துகிறார்கள். அதற்கும் ஏதோ ஒரு நாடு சம்மதிக்க வேண்டும்.

இந்த நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. பிடியாணையை உறுப்பு நாடுகள்தான் நிறைவேற்ற வேண்டும். பிடியாணை இருந்தும், சூடானின் அப்போதைய அதிபர் அல்-பஷீர் 2015 ஜூனில் தென்னாப்பிரிக்கா போய், கைதாகாமல் திரும்பினார். ஆள் இல்லாமல் விசாரணை நடத்தவும் முடியாது. பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் துதெர்தே 2025 மார்ச்சில் ஹேக் போய்ச் சேர்ந்தது, சொந்த நாட்டு அரசே பிடித்துக் கொடுத்ததால். தூக்குத் தண்டனை இல்லை. அதிகபட்சம் 30 ஆண்டு, மிகக் கொடிய குற்றமென்றால் ஆயுள்.

இலங்கை தொடர்பான ஆதாரங்களைச் சேகரித்துப் பாதுகாக்க 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை தீர்மானம் போட்டது. அந்தப் பணி ஜெனீவாவில் நடக்கிறது. உங்கள் உறவினர் அங்கிருந்து ஏதாவது வைத்திருந்தால், படத்தை எடுத்த போனையோ மெமரி கார்டையோ அப்படியே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் பற்றிய பதிவு அழிந்துவிடும். தான் கண்ணால் கண்டதை ஒரு தாளிலும், பிறர் சொல்லக் கேட்டதை வேறு தாளிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். எழுதிய தேதியைப் போட்டுக் கையெழுத்திடட்டும்.