பிளஸ் டூ பிசிக்ஸ்: என் கிளாஸுக்கு வர்றதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க

பசங்களா, வணக்கம். ஸ்கூல் திறந்ததும் என்கிட்ட பிளஸ் டூ பிசிக்ஸ் படிக்கப் போறவங்களுக்கும், அவங்க வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கும் இந்த வீடியோ. வேற ஸ்கூல் பசங்களும் பார்க்கலாம். தண்டையார்பேட்டையில படிச்சாலும் வியாசர்பாடியில படிச்சாலும் ஸ்டேட் போர்டு புக்கு ஒண்ணுதான், பரீட்சையும் ஒண்ணுதான். என் கிளாஸ்ல என்னென்ன கேப்பேன், எதுக்குக் கேப்பேன்னு முன்கூட்டியே தெரிஞ்சுட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

மார்க் கணக்கை முதல்ல முடிச்சுடுறேன். தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. பாஸாக மொத்தம் 35 வேணும், அதுல தியரியில மட்டும் 15 வந்தே ஆகணும். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200ல பிசிக்ஸுக்கு 50, நீட்ல 720ல 180. அவ்ளோதான். வருஷம் பூரா நான் மார்க்கைப் பத்திப் பேசிட்டு இருக்க மாட்டேன்.

இப்ப என் முதல் சட்டம். விடையை மட்டும் எழுதி வச்ச கணக்கை நான் திருத்த மாட்டேன். சரியான விடையா இருந்தாலும் சரி. என்ன கொடுத்திருக்காங்க, என்ன கேட்டிருக்காங்க, எந்த ஃபார்முலா, அது ஏன் இங்க பொருந்தும், அலகு என்ன, இத்தனையும் நோட்டுல வேணும். தப்பாப் போட்டா அதை ரப்பர் வச்சு அழிக்கக் கூடாது, வொயிட்னர் தொடவே கூடாது. மேல ஒரு கோடு இழுத்துட்டு கீழ திருப்பிப் போடுங்க.

எதுக்குன்னு காட்டுறேன். இதோ இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கிட்ட பாருங்க. எங்க ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு எழுதினது, அவகிட்ட கேட்டுட்டுத்தான் காட்டுறேன். டேன்ஜென்ட் கால்வனாமீட்டர், அதாவது கம்பிச் சுருளுக்கு நடுவுல காந்த முள்ளு இருக்கிற கருவி, அதை வச்சு பூமியோட காந்தப்புலத்துல கிடைமட்டக் கூறு எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிற பிராக்டிகல். சுருள் 5 சுத்து, ஆரம் 8 சென்டிமீட்டர், கரண்ட் 1 ஆம்பியர், விலக்கம் சராசரியா 44 டிகிரி. ஃபார்முலா சரியா எழுதியிருக்கா. விடை 4.07 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 7 டெஸ்லான்னு வந்திருக்கு. அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கா பாருங்க: "சென்னைக்கு 4 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 5 கிட்ட வரணும். நூறு மடங்கு குறையுது. ஆரத்தை மீட்டருக்கு மாத்தலை." அப்புறம் 8க்குப் பதிலா 0.08 போட்டு மறுபடியும் முழுசாப் போட்டிருக்கா. முதல் விடையை அழிச்சிருந்தா இந்த ரெண்டு வரி எனக்குக் கிடைச்சிருக்குமா? நான் முழு மார்க் போட்டது அந்த ரெண்டு வரிக்குத்தான். வந்த விடையைப் பார்த்து "இது நடக்கிற காரியமா?"ன்னு தன்னைத் தானே கேட்டுக்கிற புள்ளைக்கு பிசிக்ஸ் வந்துடுச்சுன்னு அர்த்தம். பப்ளிக்ல திருத்துறவங்களும் ஃபார்முலாவுக்கு, மதிப்பு போட்டதுக்கு, விடைக்குன்னு பிரிச்சுதான் மார்க் போடுவாங்க. கடைசி வரியில சறுக்கினாலும் மேல எழுதினது காப்பாத்தும்.

கால்குலேட்டர் கிடையாது. பப்ளிக்லயும் கிடையாது, நீட்லயும் கிடையாது. பெருக்கல் வகுத்தலைச் சுலபமாப் போட உதவுற லாக் டேபிள் ஒண்ணு வாங்கிக்கோங்க, வீட்டுல அண்ணன் அக்கா வச்சிருந்த பழசு இருந்தாலும் போதும். ஜூன் மாசமே கைக்குப் பழகிட்டா மார்ச்ல நேரம் மிச்சம்.

லேபுக்கு வர்றேன். இங்க நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் பக்கத்துல செல்போன், இரும்பு ஸ்கேல், ஜியாமெட்ரி பாக்ஸ் எதுவும் வரக் கூடாது. முள்ளு பூமியை நம்பி நிக்குது, நீங்க பக்கத்துல இரும்பை வச்சா அது அந்தப் பக்கம் திரும்பிடும். விலக்கம் 30ல இருந்து 60க்குள்ள இருக்கிற மாதிரி கரண்டை வச்சுக்கோங்க, அந்த இடத்துலதான் பிழை கம்மி. ஒரு மீட்டர் கம்பி வச்சு மின்தடையை அளக்கிற மீட்டர் பிரிட்ஜ்ல, ரீடிங் எடுக்கிற நேரம் மட்டும் சாவியைப் போடுங்க. போட்டுட்டு பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கதை பேசினா கம்பி சூடாகும், சூடானா மின்தடை மாறும், அப்புறம் எந்தக் கம்பியோட தன்மின்தடையைக் கண்டுபிடிக்கிறீங்க? கம்பியைத் தொட்டுப் பார்க்கிற முனை இருக்கே, ஜாக்கி, அதைக் கம்பி மேல தேய்க்கக் கூடாது, தொட்டுத் தொட்டு எடுக்கணும். ரீடிங்கை பக்கத்து டேபிள்ல பார்த்து எழுதினா அந்த பிராக்டிகலை மறுநாள் நீங்க தனியாச் செய்யணும். இதுல சலுகை கிடையாது. உங்க ரீடிங் கோணலா வந்திருந்தா கோணலாவே எழுதுங்க, ஏன் அப்படி வந்துச்சுன்னு சேர்ந்து தேடலாம்.

ரெக்கார்ட் நோட்டு விஷயத்துல நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு ஏற்பாடு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ரெக்கார்ட் நோட்டு ஸ்கூல் பீரோவுலதான் இருக்கும், வீட்டுக்குப் போகாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி ஏறினது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கட்டிலுக்கு மேல எதைத் தூக்கி வைக்கிறதுன்னு அம்மா தவிக்கிற நேரத்துல உங்க நோட்டையும் சேர்த்து அவங்க பார்க்க வேண்டாம்.

பாடத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் நீங்க உங்க தெருவுல இருந்து ஒரு கேள்வி கொண்டு வரணும். மின்காந்தத் தூண்டல் பாடத்தை எடுத்துக்கோங்க. அத்திப்பட்டுல வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கு. அந்த மாதிரி நிலையத்துல டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துது. அதோட சேர்ந்து சுத்துற காந்தம், ரோட்டார், அதுல ஒரு வட துருவம், ஒரு தென் துருவம். 3000ஐ 60ஆல வகுத்தா 50. உங்க வீட்டு பிளக் பாயின்ட்ல இருக்கிற 50 ஹெர்ட்ஸ் அங்கிருந்து வர்ற கணக்குதான். அதே பிளக்ல வர்ற 230 வோல்ட்ங்கிறது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஏறி இறங்குற வோல்டேஜுக்கு ஒரு வகை சராசரி, உச்சத்துல அது 325 வோல்ட் கிட்ட போகும். அப்புறம் நம்ம எலக்ட்ரிக் ட்ரெயின், வண்ணாரப்பேட்டையில ஓடுற மெட்ரோ, ரெண்டுக்கும் மேல் கம்பியில 25,000 வோல்ட். ஏன் அவ்வளவு? அதே பவரை அதிக வோல்டேஜ்ல அனுப்பினா கரண்ட் குறையும், கரண்ட் பாதியானா கம்பியில வீணாகிற வெப்பம் கால்வாசி ஆயிடும். இதைப் புரிஞ்சுகிட்ட பையன் பேசின் பிரிட்ஜ் பக்கம் நிக்கிற வண்டி மேல ஏறி செல்ஃபி எடுக்க மாட்டான். அந்தக் கம்பியைத் தொடணும்னு இல்ல, கிட்ட போனாலே காத்து வழியாப் பாயும். தயவுசெஞ்சு, உங்க தம்பிங்களுக்கும் சொல்லி வைங்க.

வீட்டுப்பாடத்தைச் சேர்ந்து போடலாம், தாராளமாப் பேசிக்கலாம். யார்கிட்ட கேட்டீங்கன்னு ஓரத்துல பேர் எழுதிடுங்க. யூடியூப் பார்த்தீங்களா, சாட்ஜிபிடியைக் கேட்டீங்களா, அதையும் எழுதுங்க, நான் திட்ட மாட்டேன். ஆனா மறுநாள் போர்டுல கூப்பிட்டுப் போடச் சொல்லுவேன். போடத் தெரியலைன்னா அது உங்க வீட்டுப்பாடம் இல்ல. டெஸ்ட்ல மட்டும் பேச்சே கூடாது. வெள்ளிக்கிழமை டெஸ்ட், மார்க் குறைஞ்சா அடுத்த வாரம் ஒரு தடவை திருப்பி எழுதலாம், ரெண்டுல எது அதிகமோ அதை எடுத்துப்பேன். ஆனா திருப்பி எழுதறதுக்கு முன்னாடி பழைய பேப்பர்ல எங்க தப்பு போச்சுன்னு எழுதிக் காட்டணும்.

கணக்கு இல்லாத குரூப்ல இருக்கிற பிள்ளைங்க பயப்படாதீங்க. வகையீடு, தொகையீடு பிளஸ் ஒன் இயக்கவியல் பாடத்துலயே கொஞ்சம் இருக்கு. முதல் ரெண்டு வாரம் அதை மறுபடி அடியில இருந்து எடுப்பேன். தெரியாததைத் தெரியலைன்னு கைதூக்கிச் சொல்றவங்களை யாராவது சிரிச்சா, சிரிச்சவங்ககிட்டதான் நான் பேசுவேன்.

இப்ப அப்பா அம்மாவுக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், காசிமேடு குடும்பங்கள்ல கையில காசு இருக்காது, எனக்குத் தெரியும். கைடு வாங்கச் சொல்லி நான் யாரையும் கேட்க மாட்டேன். அரசு கொடுக்கிற புக்கு ரெண்டு வால்யூம், பதினோரு பாடம், அதுவே போதும். டியூஷனுக்கு அனுப்பணும்னும் சொல்ல மாட்டேன். உங்ககிட்ட நான் கேக்கிறது, ராத்திரி ஒரு மணி நேரம் அந்தப் புள்ளையை வேலை சொல்லாம விட்டுடுங்க. பொம்பளப் புள்ளைக்கும் சேர்த்துதான் சொல்றேன். விடியக்காலையில தண்ணி பிடிக்கணும், ஏலத்துக்குக் கூடப் போகணும், அதனால லேட் ஆகுதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா லேட்டா வந்ததுக்கு நான் வெளிய நிக்க வைக்க மாட்டேன், விட்டுப்போன பாடத்தை மத்தியானம் சொல்லித் தருவேன். ஆனா வருகைப் பதிவுக்கும் இன்டர்னல்ல மார்க் இருக்கு, சும்மா லீவ் போட விடாதீங்க.

முதல் நாள் வரும்போது 200 பக்க கோடு போடாத நோட்டு ஒண்ணு, லாக் டேபிள், பென்சில், ஸ்கேல். பிளாஸ்டிக் ஸ்கேலாவே இருக்கட்டும். முதல் பாடம் நிலைமின்னியல், அந்த ஸ்கேலைத் தலையில தேய்ச்சு பேப்பர் துண்டைத் தூக்குறதுல இருந்துதான் ஆரம்பிக்கப் போறோம். கேள்வி இருந்தா கீழ எழுதுங்க, ஞாயித்துக்கிழமை உக்கார்ந்து ஒவ்வொண்ணா பதில் போடுறேன்.