தினம் ஒரு பூ, கோயிலுக்கு ஒரு நந்தவனம்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் கோயில் மண்டபத்தில் நடந்த பூப்படக் கண்காட்சியைத் தொடங்கி வைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, ஆலயக் குழுவின் பெரியோர்களே, இன்னொரு கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு நமக்காக வந்திருக்கும் வார்டு கவுன்சிலர் அம்மையார் அவர்களே, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாவரவியல் பேராசிரியர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, இந்தக் கண்காட்சிக்காக இரவும் பகலும் உழைத்த மாதர் குழுச் சகோதரிகளே, பின்கட்டில் பிரியாணி அண்டாவைக் காத்து நிற்கும் அண்ணன்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இரண்டு பேருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். ஒருவர், வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட பொருளாளர் ஐயா. அவரிடம் பேச்சின் முடிவில் ஒரு விண்ணப்பமும் வைக்கப்போகிறேன். இன்னொருவர், வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் உட்கார்ந்து மாலை கட்டிக் கொடுக்கும் அக்கா. அவரை மேடைக்கு அழைத்தேன், வரமாட்டேன் என்றுவிட்டார். அங்கேயே இருக்கட்டும், நாம் இங்கிருந்து ஒருமுறை கைதட்டுவோம்.

இதே டர்பனில் கேட்டோ மேனரில் தோட்டம் வைத்திருந்த என் ஆயா, அதாவது என் பாட்டி, அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும். வாழைப்பட்டையைக் கிழித்து, நார் எடுத்து, தண்ணீரில் நனைத்துக்கொண்டே சொல்வார். நான் இன்று பேச வந்ததும் இவ்வளவுதான். தினமும் ஒரு பூவின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஒரு படம் எடுங்கள். பூவுக்கு நம்மால் ஆவது ஒன்றுமில்லை. நமக்குத்தான் அதனால் எல்லாம் ஆகும்.

மூன்று விஷயம் சொல்கிறேன். முதலில் வெளிச்சம். அப்புறம் பொறுமை. மூன்றாவது, எடுத்த படங்களைப் பத்திரப்படுத்தி வைப்பது.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டிசம்பரில் நம் ஊரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது. எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். ஏறின வெயிலில் சிவப்புச் செம்பருத்தியை எடுத்துப் பாருங்கள்: இதழின் நரம்பெல்லாம் மறைந்து, ஒரே சிவப்பாக அப்பிக்கொண்டு வரும். ஜூன் மாதத்தில் விடியவே ஏழு மணி ஆகும் என்பதால் அப்போது அவசரம் வேண்டாம். மேகம் மூடின நாளை வீணாக்காதீர்கள், பூப்படத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. நடுப்பகலில்தான் எடுக்க முடியும் என்கிறவர்கள் வீட்டின் தெற்குச் சுவரோரம் நிழலில் எடுங்கள். இங்கே உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். போன் போதும். பூவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் கவனம் அங்கேயே நின்றுவிடும், அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போகாமல், ஓரடி பின்வாங்கிப் பெரிதாக்கி எடுங்கள். நிழல் விழுகிற பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். அவ்வளவுதான்.

பொறுமைக்கு வருகிறேன். அதோ, கயிற்றில் துணிக்கிளிப் போட்டு மாட்டியிருக்கும் படங்களில் இடப்பக்கம் மூன்றாவதைப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எடுத்தது. செம்பருத்தியின் நடுவிலிருந்து நீளமாக ஒரு தண்டு வெளியே வருகிறதல்லவா, அதன் நுனியில் ஐந்து குட்டிச் சிவப்பு உருண்டைகள், வெல்வெட்டுத் துணியில் செய்ததைப் போல. அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தப் பொடி. ஒரு உருண்டையில் மட்டும் மூன்று நான்கு மஞ்சள் துகள் ஒட்டியிருக்கிறது. அறுபது வருடமாகச் செம்பருத்தி பறிக்கிற எத்தனை பேர் அந்த ஐந்தை எண்ணிப் பார்த்திருப்போம்? அந்தப் பூ காலையில் விரிந்து சாயங்காலம் சுருங்கிவிடும். நாளைக்கு இருப்பது வேறு பூ. அதனால்தான் தினமும் என்கிறேன்.

ஒரே பூவை நாள்தோறும் தொடர்ந்து எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் செங்காந்தளைச் சிபாரிசு செய்கிறேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்தது இதைத்தான். தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலர். நம் கடற்கரையோரப் புதர்களில் யாரும் நடாமலே வளர்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கினார்களே நம் முன்னோர்கள், அவர்களுக்கு முன்பே இந்தப் பூ இங்கே இருந்தது. அவர்கள் பார்த்த நாளில் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முதல் நாள் பச்சை மொட்டாகத் தலைகுனிந்திருக்கும். அப்புறம் இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வளைந்து மேலே எழும்பும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளிவு. நாள் போகப் போக மஞ்சள் குறைந்து முழுப் பூவும் சிவந்துவிடும். இலை நுனியைக் கவனியுங்கள், அதுவே சுருண்டு கொழுகொம்பைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் செடி முழுவதும் விஷம், கிழங்கு மிகக் கொடிய விஷம். பிள்ளைகள் படம் எடுக்கட்டும், தொடவேண்டாம்.

கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்று ஜெர்மனியில் ஒருவர் இருந்தார். பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர். தானே செய்த கேமராவில் செடி, மொட்டு, காய் என்று முப்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1928இல், அவருக்கு அறுபது வயது தாண்டிய பிறகு. இங்கே உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

பெரியவர்கள் என்றதும் எங்கள் தெருத் தாத்தாவின் கதை ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி உயிரோடிருந்தபோது வேலியோரம் ஒரு செம்பருத்தி நட்டிருந்தார். அந்த அம்மா போன பிறகு, தினமும் காலையில் ஒரு பூவை எடுத்து அவர் படத்துக்கு வைப்பது தாத்தாவின் வழக்கம். ராத்திரி படுக்கப் போகும் முன் டார்ச் அடித்து மொட்டை எண்ணி வைத்துக்கொள்வார்: நாளைக்கு ஆறு பூக்கும். காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. ஒரு நாள், இரண்டு நாள் பரவாயில்லை. வாரக்கணக்கில் இப்படியே நடந்தது.

அடுத்த வீட்டு அம்மா மாரியம்மன் பக்தை. வெள்ளிக்கிழமை என்றால் சிவப்புப் பூ வேண்டும் அவருக்கு. தாத்தா முடிவு கட்டிவிட்டார். முதலில் ஜாடையாகப் பேசினார், "சில பேருக்கு அடுத்த வீட்டுப் பூவில்தான் அம்மன் இறங்குவாள்போல." அந்த அம்மா சும்மா இருப்பாரா? "எங்க அம்மனுக்குத் திருட்டுப் பூ ஏற்காது தாத்தா, உங்க வாய்க்குத்தான் சாம்பிராணி போடணும்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பதில் வந்தது. அந்த வருடத் தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் இடையே பலகாரத் தட்டு போகவில்லை. நம் ஊரில் தீபாவளித் தட்டு நின்றுபோனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. கல்யாண வீட்டில் இவர்கள் உட்கார்ந்த பந்தியில் அவர்கள் உட்காரமாட்டார்கள்.

தாத்தாவின் பேத்தி ஜோகன்னஸ்பர்க்கில் நர்ஸ். தன் பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்து, "தாத்தா, தினமும் விடிந்ததும் செம்பருத்தியை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. ஆயாவைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றாள். மனிதர் அன்றிலிருந்து அலாரம் வைத்து எழுந்திருக்கத் தொடங்கினார். இருட்டில் எடுப்பார், ஆட்டி எடுப்பார், விரலை எடுப்பார். பேத்தி ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை நிதானப்பட்டது. ஒருநாள் காலையில் படம் போய்ச் சேர்ந்த இரண்டாவது நிமிடம் பேத்தியிடமிருந்து போன். "தாத்தா, படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. வலது மூலையில், சுவர் மேலே, யார் அந்தக் கறுப்பு முகம்?"

பார்த்தார். சாம்பல் நிற உடம்பு, கரிய முகம், வாயோரத்தில் சிவப்பு இதழ் தொங்குகிறது. சில்வர்க்ளென் காட்டுப் பக்கமிருந்து வருகிற நம் குரங்குப் பிள்ளைதான்! செம்பருத்தி என்றால் அதற்கு உயிர் என்பது இங்கே செடி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தாத்தா பல்கூடத் தேய்க்கவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் படத்தை நீட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆஞ்சநேயா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிற்கவேயில்லை. தாத்தாவும் சிரித்து, கடைசியில் இருவருக்கும் கண்ணில் தண்ணீர். அன்றைக்குத் தீபாவளி இல்லை, ஒன்றுமில்லை. மத்தியானம் ஒரு பெரிய தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும் வேலிக்கு மேலே வந்தது. இப்போது இருவரும் காலையில் படம் எடுக்கிறார்கள். குரங்குக்கென்று தனியாக ஒரு செடி. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று ஆயா சொன்னதை நான் கண்ணால் பார்த்தது அந்த வேலியில்தான்.

சரி, தாத்தாவுக்கு ஒரு வேலியாவது இருந்தது. படம் எடுக்கப் பூவுக்கு எங்கே போவது என்று மாதர் குழுவில் ஒரு தங்கை என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி. கேட்டோ மேனர், கிளேர்வுட், ஸ்பிரிங்ஃபீல்ட் என்று நம் தாத்தா பாட்டிகள் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து தங்கள் கையால் திருத்தின தோட்டங்கள் இருந்தன. 1950இல், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் வசிக்கலாம் என்று பிரித்து வைத்த குழுப்பகுதிச் சட்டம் வந்தது. 1960களில் அவர்களை அங்கிருந்து கிளப்பி, மூட்டை முடிச்சோடு இங்கே சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தச் சின்ன முற்றத்திலும் கறிவேப்பிலையும் முருங்கையும் சாமந்தியும் நட்டார்களே, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். இன்று அதே முற்றங்களில் கார் நிறுத்தக் கல் பாவிவிட்டோம். சாமி கழுத்தில் பிளாஸ்டிக் மாலை தொங்குகிறது.

இப்போது நம் கோயிலின் பின்புற நிலம். அதைச் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை இருப்பது எல்லோருக்கும் தெரியும். பொருளாளர் ஐயா, இதுதான் என் விண்ணப்பம்: அதை நந்தவனமாக்கித் தாருங்கள். காவடி நாளில் வண்டிகளுக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு எதிரிலிருக்கும் பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்குவோம். நானே போய்க் கேட்கிறேன். வருடத்தில் சில நாளுக்காக மீதி நாளெல்லாம் மண்ணை மூடிவைக்கவேண்டுமா? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சரிவு நிலத்தில் வீடு கட்டியிருக்கிற நமக்கு, மழைநீரைக் குடிக்கிற மண் ஒவ்வொரு அடியும் முக்கியம். கவுன்சிலர் அம்மையாருக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை.

என்ன நடலாம்? செம்பருத்தி, மல்லிகை, துளசி, வில்வம். இந்த மண்ணுக்கே சொந்தமான சொர்க்கப்பறவைப் பூ. பறவை அதன் நீல இதழ்மேல் காலை வைத்ததும் அது பிரிந்து மகரந்தம் காலில் ஒட்டுவதை நம் பிள்ளைகள் படம் எடுக்கட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டாமல் செங்காந்தள். அரளி மட்டும் வேண்டாம், இந்த நாட்டில் அது பரவும் அயல்செடிகளின் பட்டியலில் இருக்கிறது, பேராசிரியர் தலையசைக்கிறார். சாமந்தி விதைத்தால் இரண்டு மாதத்தில் பூக்கும். நவம்பரில் விதைத்தால் தைப்பூசக் காவடிக்கு நம் பூவே நமக்கு. மாலை கட்டும் அக்கா விடியற்காலையில் பூ வாங்க அலையவேண்டாம். கோயிலுக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றால், பூ முதலில் அங்கே இருக்கவேண்டுமே!

மூன்றாவது விஷயம் பாக்கி இருக்கிறது. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், பிரியாணி வாசனையும் வந்துவிட்டது. படத்தைப் போனில் மட்டும் வைக்காமல் இன்னொரு இடத்திலும் வையுங்கள், தேதி எழுதுங்கள். மீதியைப் பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். நந்தவனத்துக்கான கையெழுத்துத் தாள் அதில் இருக்கிறது. ஆலயத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதைக் குழுவிடம் கொடுக்கப்போகிறோம். உறுப்பினர் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அன்று உங்களால் வாக்களிக்க முடியாது. வீட்டில் செம்பருத்திக் கிளை கத்தரிக்கிறவர்கள் தூக்கி எறியாமல் ஈரத்துணியில் சுற்றி மாதர் குழுவிடம் கொடுங்கள், வேர்விட வைத்துத் தருகிறோம். கண்காட்சி நாளை மாலை வரை திறந்திருக்கும். வாய்ப்புக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.