ஆறு கட்டுச் சீட்டும் ஒரு வகுத்தல் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று கொஞ்சம் வகுத்தல் இருக்கிறது.

சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், விடுதிக்காகச் சீட்டுப் போடும் டீலரை முந்த வேண்டிய பிளாக்ஜாக் சூதாட்டத்தில் சீட்டை எண்ணி விளையாடலாம் என்பதை 1962-இல் ஊரறியச் செய்தவர் எட்வர்ட் தார்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். அடுத்த ஆண்டே ஹார்வி டப்னர் எளிமையாக்கிக் கொடுத்த முறைதான் ஹை-லோ. அந்தக் காலத்து லாஸ் வேகாஸில் 52 சீட்டுள்ள ஒரே ஒரு கட்டை வைத்து ஆடுவது சாதாரணம். இன்று ஆறு கட்டு, சில இடங்களில் எட்டு, ‘ஷூ’ என்ற பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. எண்ணுகிற விதம் அன்றும் இன்றும் ஒன்றுதான். கிடைத்த எண்ணை அப்படியே நம்பலாமா என்பதில்தான் சிக்கல்.

முதலில் எண்ணும் விதம். 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு விழுந்தாலும் ஒன்று கூட்டுங்கள். 7, 8, 9-ஐக் கண்டுகொள்ள வேண்டாம். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் விழுந்தால் ஒன்று கழியுங்கள். ஒரு கட்டில் சிறியவை 20, பெரியவை 20. எல்லாம் விழுந்து முடிந்தால் விடை பூஜ்யம். இப்படிக் கூட்டிக் கழித்துக்கொண்டே வரும் ‘ஓடுகிற எண்’ பிளஸ்ஸில் இருந்தால் பெட்டிக்குள் பெரிய சீட்டு அதிகம். ஆஸும் பத்து மதிப்புச் சீட்டும் சேர்ந்து பிளாக்ஜாக் விழுவதும், மொத்தம் 12 முதல் 16 வரை மாட்டிக்கொண்டு சீட்டு இழுத்தே ஆகவேண்டிய டீலர் 21-ஐத் தாண்டுவதும் அப்போது கூடும்.

ஒரு கட்டில் ஐந்து சிறிய சீட்டு போனால் அது பெரிய சமாச்சாரம். 312 சீட்டில் அதே ஐந்து போனால் கடலில் கரைத்த பெருங்காயம். ஆகவே ஓடுகிற எண்ணை, மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அப்படிக் கிடைப்பதுதான் ‘ட்ரூ கவுண்ட்’. ஓடுகிற எண் பிளஸ் 8 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுதான் போயிருக்கிறது என்றால் 8-ஐ 5-ஆல் வகுக்க 1.6. நான்கு கட்டு போய்விட்டது என்றால் 8-ஐ 2-ஆல் வகுக்க 4. முதல் இடத்தில் ஏறக்குறைய சூதாட்ட விடுதியோடு சரிக்குச் சரி. இரண்டாவது இடத்தில் துணிந்து பணம் வைக்கலாம்.

மிச்சக் கட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியைப் பார்க்காதீர்கள். ஆடி முடித்த சீட்டை அடுக்கும் தட்டு டீலரின் வலது கைப் பக்கம் நிற்கும். அதைப் பார்த்து ஆறிலிருந்து கழியுங்கள். ஒரு கட்டின் கனம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். வீட்டில் அரைக் கட்டு, ஒரு கட்டு, ஒன்றரைக் கட்டு என்று அடுக்கி வைத்துக் கண்ணைப் பழக்குங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. ஆட்டத்தை எங்கே நிறுத்திக் கலைப்பது என்று காட்ட டீலர் செருகும் வெட்டுச் சீட்டுக்குப் பின்னால் ஒன்றரைக் கட்டு ஆட்டத்துக்கே வராது. வராதுதான், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே அதுவும் மிச்சக் கணக்கில் சேரும்.

பெட்டியின் தொடக்கத்தில் அரைக் கட்டு பிசகினால் பாதகமில்லை. 6-ஐ 5-ஆல் வகுத்தாலும் ஐந்தரையால் வகுத்தாலும் விடை ஒன்றும் சொச்சமும்தான். கடைசியில் அப்படியல்ல. ஒன்றரைக் கட்டு மிச்சமிருக்கும்போது 6 என்றால் சரியான விடை 4. அதை இரண்டு கட்டு என்று நினைத்தால் 3, ஒரு கட்டு என்று நினைத்தால் 6. பெரிய பந்தயம் வைப்பதும் அந்த நேரத்தில்தான். இரண்டரையால் வகுக்கத் தடுமாறுகிறவர்கள் நான்கால் பெருக்கிப் பத்தால் வகுக்கலாம்.

இன்னொரு தவறு: வகுத்து வந்த விடையையே மனதில் வைத்துக்கொண்டு அதன்மேல் கூட்டிக்கொண்டே போவது. வகுத்தல் பந்தயம் வைக்கும் நொடிக்கும், சீட்டு இழுப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் நொடிக்கும் மட்டும். அதை மறந்துவிட்டு ஓடுகிற எண்ணுக்கே திரும்ப வேண்டும்.

நல்ல விதிகள் உள்ள ஆறு கட்டு ஆட்டத்தில், எந்தக் கைக்கு என்ன செய்வது என்று கணக்கிட்டு வைத்திருக்கும் அடிப்படை உத்தியைப் பிசகாமல் ஆடினால் விடுதிக்கு ஏறக்குறைய அரை சதவீதம் சாதகம். ட்ரூ கவுண்ட் ஒன்று ஏறினால் சுமார் அரை சதவீதம் நம் பக்கம் வரும். ஆகவே 1 வரை குறைந்தபட்சப் பந்தயம், 10 டாலர் என்று கொள்வோம். 2-க்கு 30, 3-க்கு 60, 4-க்கு 90, 5-க்கு 120. ஆட்டத்தில் எடுக்கும் முடிவுகளில், டீலரிடம் ஆஸ் தெரியும்போது அவருக்குப் பிளாக்ஜாக் அமையும் என்று வைக்கும் பக்கப் பந்தயமான இன்ஷூரன்ஸ்தான் முதலில் கற்க வேண்டியது: ட்ரூ கவுண்ட் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் எடுங்கள். டீலரின் 10-க்கு எதிரே உங்களிடம் 16 இருந்தால் பூஜ்யத்துக்கு மேல் நிறுத்திக்கொள்ளலாம். 15 இருந்தால் 4 வரும்வரை இழுக்க வேண்டும்.

வகுத்தலே வேண்டாம் என்பவர்களுக்கு நாக்-அவுட் முறை இருக்கிறது. அதில் 7-க்கும் ஒன்று கூட்டுவார்கள். ஆறு கட்டுக்கு மைனஸ் 20-இல் தொடங்கி, மைனஸ் 4 வந்ததும் பந்தயத்தை ஏற்றுவார்கள். பிளஸ் 4-இல் அது எத்தனை கட்டு மிச்சமிருந்தாலும் சரியாகச் சொல்லும். ஆனால் மைனஸ் 4-ஐ நம்புவதில் கவனம் தேவை. ஐந்து கட்டு மிச்சமிருக்கும்போது அது வந்தால் ட்ரூ கவுண்ட் 2-க்கும் மேல். இரண்டு கட்டு மிச்சமிருக்கும்போது வெறும் பூஜ்யம். வகுக்கத் தெரிந்தவர் ஹை-லோவில் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

மனதால் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமல்ல. கருவி வைத்துக்கொண்டு எண்ணுவது நெவாடாவில் குற்றம். எண்ணுகிறவர்களை விடுதிகள் தாமாக வெளியேற்ற முடியாது என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982-இல், சீட்டு எண்ணுவதில் பேர்பெற்ற கென் உஸ்டனின் வழக்கில் சொன்னது. அதனால் அங்கே விடுதிகளுக்குக் கட்டுகளை அதிகமாக்குவதும் சீக்கிரம் கலைப்பதும்தான் வழி. ஆகவே உட்காரும் முன் வெட்டுச் சீட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஆறில் இரண்டு கட்டுக்கு மேல் மறைத்தால் எழுந்துவிடலாம். ஆடிய சீட்டை உடனுக்குடன் உள்ளே வாங்கிக் கலைக்கும் இயந்திரம் இருந்தால் எண்ணவே வேண்டாம். பிளாக்ஜாக்குக்கு 2 வைத்தால் 3 தராமல், 5 வைத்தால் 6 மட்டும் தருகிற மேசையிலும் அப்படியே: அந்த ஒரு விதியே விடுதிக்கு ஒன்றேகால் சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கொடுத்துவிடுகிறது.